சந்தோஷத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"மனசு சரியில்ல, ஒரு நல்ல ஃபீல் குட் படம் சொல்லுங்க ப்ரோ." நமக்கு அதிகமா வர்ற மெசேஜ் இதுதான். லிஸ்ட் கொடுக்கறது சுலபம், ஆனா இன்னிக்கு லிஸ்ட் கிடையாது. பார்க்கும்போது நம்மள சந்தோஷப்படுத்துற படம் வேற. சந்தோஷம்னா என்னன்னு உட்கார்ந்து யோசிக்கிற படம் வேற. இந்த ரெண்டாவது வகையில சில படங்களைப் பத்திதான் இந்த எபிசோட். ஸ்பாய்லர் நிறைய இருக்கு, முன்னாடியே சொல்லிடறேன்.

நம்ம ஊர்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். 1994 பொங்கலுக்கு வந்த படம் 'மகாநதி'. அதுல ஸ்ரீரங்கத்தையும் காவிரியையும் வச்சு ஒரு பாட்டு வரும். இசை இளையராஜா. எழுதின வாலி ஸ்ரீரங்கத்துல வளர்ந்தவர். திருச்சிக்காரங்களுக்கு அது கிட்டத்தட்ட ஊர்ப் பாட்டு. ஆடிப்பெருக்கு அன்னிக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிருக்கீங்களா? புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம்னு தூக்குல கட்டிட்டு வந்து குடும்பம் குடும்பமா உட்கார்ந்திருப்பாங்க. காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, ஆத்துக்குப் பூஜை. அந்தப் பாட்டுல இருக்கற சந்தோஷம் அதுதான். ஆறு இருக்கு, சொந்தம் இருக்கு, சாப்பாடு இருக்கு, யாருக்கும் எங்கேயும் போக அவசரம் இல்ல.

ஆனா படத்துல அந்தச் சந்தோஷம் எதுக்காக இருக்கு? பறிபோறதுக்காக. கும்பகோணம் பக்கத்துல குறையில்லாம வாழற கிருஷ்ணசாமி, வெளிநாட்டுல இருந்து வர்ற நண்பனோட வசதியைப் பார்க்கறார். நம்ம பிள்ளைங்களுக்கும் அது கிடைக்கட்டுமேன்னு நினைக்கறார். அவ்வளவுதான். சென்னை, சீட்டு கம்பெனி, ஜெயில், குடும்பமே சிதறிப் போகுது. அவர் பேராசைக்காரர் கிடையாது. பக்கத்து இலையை ஒரு தடவை எட்டிப் பார்த்தவர். தினமும் லிங்க்ட்இன்ல நாம பண்றதும் அதேதான்.

தமிழ் சினிமாவுக்கு இது பழகின வழி. இடைவேளைக்கு முன்னாடி ஒரு பாட்டு முழுக்க சந்தோஷம், அப்புறம் அதை வில்லன் கையில கொடுத்துடுவாங்க. சந்தோஷத்தையே கதையா எடுத்துக்கிட்ட படங்கள் கம்மி.

அதுல ஒண்ணு 'பண்ணையாரும் பத்மினியும்', 2014ல வந்தது, இயக்கம் எஸ்.யு. அருண்குமார். ஒரு பழைய பிரீமியர் பத்மினி கார். ஜெயப்பிரகாஷ் நடிச்ச பண்ணையாருக்கு அது சொந்தம் கூட இல்ல. நண்பர் ஊருக்குப் போகும்போது பார்த்துக்கச் சொல்லி விட்டுட்டுப் போன வண்டி. அதை ஓட்டக் கத்துக்கணும், கல்யாண நாள் அன்னிக்கு மனைவியை உட்கார வச்சு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். அவரோட மொத்த ஆசை இதுதான். டிரைவர் முருகேசனுக்கு, அதாவது விஜய் சேதுபதிக்கு, வேற பயம். இவர் ஓட்டக் கத்துக்கிட்டா நமக்கு வேலை போயிடுமேன்னு சொல்லித்தர்றதைத் தள்ளிப் போடறான். கார் எப்ப வேணும்னாலும் கையை விட்டுப் போகலாம்னு எல்லாருக்கும் தெரியும். படம் பார்க்கற நமக்கும் தெரியும். அதனாலதான் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகற ஒவ்வொரு தடவையும் நமக்குப் பதறுது. சந்தோஷமும் பயமும் ஒரே சீட்டுல உட்கார்ந்து வருதுங்கறதை அந்தப் படம் வசனமே இல்லாம சொல்லிடுது.

இப்ப 'மெய்யழகன்'. 2024 செப்டம்பர்ல வந்தது. '96' எடுத்த பிரேம்குமார் படம். சொத்துத் தகராறுல தஞ்சாவூர் வீட்டை விட்டு 1996ல சென்னைக்குப் போன குடும்பம். அந்த வீட்டுப் பையன் அருள்மொழி, அரவிந்த்சாமி, இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு தங்கச்சி கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வர்றார். தலையைக் காட்டிட்டு அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறிடணும்னுதான் பிளான். அங்க "அத்தான், அத்தான்"னு ஒருத்தன் ஒட்டிக்கறான். கார்த்தி. அவன் யாரு, எந்த வழியில சொந்தம், பேரு என்ன, எதுவுமே அருளுக்குத் தெரியல. கேட்கவும் கூச்சம்.

நம்ம ஊர்ல இது எல்லாருக்கும் நடக்கும். வைகுண்ட ஏகாதசிக்கோ ஒரு கல்யாணத்துக்கோ ஸ்ரீரங்கம் வந்தா, உத்திர வீதியில ஒரு பெரியவர் நிறுத்தி, "நீ இன்னார் பேரன்தானே?"னு கேட்பார். அவருக்கு நம்ம மூணு தலைமுறை தெரியும். நமக்கு அவர் பேர் தெரியாது. சிரிச்சே சமாளிச்சிட்டு நழுவிடுவோம். பிரேம்குமார் அந்தச் சமாளிப்பை எடுத்து ஒரு முழுப் படமா நீட்டியிருக்கார்.

ராத்திரி பஸ் போயிடுது, அருள் அவன் வீட்டுலயே தங்கறார். அங்கதான் அந்த சைக்கிள் விஷயம் தெரிய வருது. அருள் குடும்பம் வீட்டைக் காலி பண்ணும்போது விட்டுட்டுப் போன பழைய சைக்கிள் இவன் கைக்கு வந்திருக்கு. அதுலேர்ந்துதான் எங்க குடும்பமே தலையெடுத்ததுன்னு நன்றியோட சொல்றான். அருளுக்கு அந்த ஊர்னாலே இழந்த வீடு, ஏமாத்தின சொந்தம், அவ்வளவுதான் ஞாபகம். அதே ஊர்ல ஒருத்தன் இவர் பேரைச் சொல்லி இருபது வருஷமா சந்தோஷமா இருந்திருக்கான்.

இதைக் கேட்டா யாரும் குளிர்ந்து போகணும் இல்ல? அருள் என்ன பண்றார் தெரியுமா? யாருக்கும் சொல்லாம விடியறதுக்குள்ள அந்த வீட்டுல இருந்து ஓடிடறார். இவ்வளவு அன்பு வைக்கறவனோட பேர் கூட எனக்குத் தெரியலையேங்கற கூச்சம். எனக்கு இந்தப் படத்துல முக்கியமான இடம் இதுதான். சந்தோஷம் கிடைக்கலைங்கறது எப்பவும் நம்ம பிரச்சனை இல்ல. கிடைக்கும்போது கை நீட்டி வாங்கிக்கத் தெரியலைங்கறதும் ஒரு பிரச்சனை. யாராவது பாராட்டினா "அய்யோ அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க"னு சொல்லி அதை அங்கேயே சாகடிக்கிறோமே, அதோட பெரிய வடிவம்தான் அருள் ஓடறது.

படம் வந்தப்ப நிறைய பேர் சொன்ன குறை, நீளம். கிட்டத்தட்ட மூணு மணி நேரம் இருந்தது. ரிலீசுக்கு அப்புறம் 18 நிமிஷம் வெட்டினாங்க. பேசிட்டே இருக்காங்கன்னு சொன்ன கோபம் எனக்குப் புரியுது. ஆனா அந்த ரெண்டு பேரும் ராத்திரி முழுக்க வெட்டியா பேசினதாலதான் சைக்கிள் கதை வெளியில வந்தது. அரை மணி நேரத்துல கிளம்பியிருந்தா அருளுக்கு அது தெரியவே போறதில்ல. நம்ம எபிசோடையே 1.5 வேகத்துல ஓட விடற ஆளுங்க இருக்கீங்கன்னு தெரியும். (சிரிப்பு) பாட்காஸ்டுக்கு ஓகே. அத்தை கிட்ட பேசும்போது அந்த பட்டன் கிடையாது.

இங்க ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கு. ஊர்னா எல்லாருக்கும் இப்படி இனிப்பா? சென்னைக்கோ பெங்களூருக்கோ போன பிறகுதான் முதல் தடவையா நிம்மதியா மூச்சு விட்டவங்க இருக்காங்க. சாதி கேட்காத தெரு, எத்தனை மணிக்கு வந்தேன்னு கேட்காத வீடு, அவங்களுக்கு அதுதான் சந்தோஷம். குறிப்பா பெண்களுக்கு. 'மெய்யழகன்' ரெண்டு ஆம்பளைங்களோட ராத்திரி. அந்த நேரத்துக்கு அவங்களுக்குச் சாப்பாடு போட்டது யாருங்கறதுல படம் அதிக நேரம் செலவழிக்கல. படத்தை ரசிச்சுக்கிட்டே இதையும் சொல்லலாம், தப்பில்ல.

இதுக்கு ஓரளவு பதில் மாதிரி எனக்குத் தெரியறது, 2022ல வந்த மணிகண்டனோட 'கடைசி விவசாயி'. மாயாண்டி தாத்தாவா நடிச்ச நல்லாண்டி நிஜ விவசாயி. படம் வெளிவர்றதுக்கு முன்னாடியே இறந்துட்டார். குலதெய்வத் திருவிழாவுக்கு நெல்லு வேணும். அதைப் பயிர் பண்றார் தாத்தா. செத்துக் கிடந்த மயில்களைப் புதைச்சதுக்காக அவர் மேலயே கேஸ் வருது. உள்ள இருக்கும்போதும் அவர் கவலை தன்னைப் பத்தி இல்ல, வயல்ல நிக்கற பயிரைப் பத்தி. அந்த மனுஷன் பழசை நினைச்சு ஏங்கறதே கிடையாது. இன்னிக்குத் தண்ணி பாய்ச்சணும், பாய்ச்சறார்.

விம் வெண்டர்ஸ் டோக்கியோவுல எடுத்த 'பெர்ஃபெக்ட் டேஸ்', 2023. பொதுக் கழிப்பறை சுத்தம் பண்ற ஹிரயாமா பழைய கேசட்ல பாட்டு கேட்டு, மர இலை வழியா வர்ற வெளிச்சத்தைப் படம் பிடிச்சு, நிம்மதியா இருப்பார். அவர் நம்ம மாயாண்டிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி. ஆனா தங்கச்சி கார்ல வந்து போனதும் அழுதுடுவார். கடைசி ஷாட்ல சிரிப்பும் அழுகையும் ஒரே முகத்துல மாறி மாறி வரும். நிறைவான வாழ்க்கைக்குள்ளயும் ஆறாத காயம் ஒண்ணு இருக்கலாம்னு அந்த முகம் காட்டுது. 'மகாநதி'யில துக்கம் வந்து சந்தோஷத்தைத் துரத்திடும். இங்க ரெண்டும் ஒரே வீட்டுல குடியிருக்கு.

அதனால மனசு சரியில்லாத அன்னிக்குப் பார்க்க நான் சொல்றது 'மெய்யழகன்'தான். ஃபோனைத் தள்ளி வச்சிட்டு, வேகம் கூட்டாம, ஒரே மூச்சுல பாருங்க. பார்த்து முடிச்சதும் ஒரு கேள்விக்கு பதில் எழுதி அனுப்புங்க. நீங்க எப்பவோ விட்டுட்டு வந்த எந்தப் பொருள், இப்ப யார் வீட்டுல ஓடிட்டு இருக்கு? ஒரு புத்தகம், ஒரு கிரிக்கெட் பேட், ஒரு பழைய லேப்டாப், எதுவா இருந்தாலும் சரி. தெரியலைன்னா ஊருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்க. எடுக்கறவங்க பேர் மறந்திருந்தா கூசாம கேட்டுடுங்க, அவங்க சொல்லுவாங்க.

வர்ற பதில்களை அடுத்த எபிசோட்ல வாசிக்கறேன்.