வாள்வீச்சுக் கண்டோம்
(பாலிகஞ்சில் நடைபெற்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இரயில்வே குமாஸ்தாவுக்கும் வாளுக்கும் என்ன உறவு என்று சிலர் புன்னகைப்பது தெரிகிறது. பேனாவையன்றி வேறு படைக்கலம் ஏந்தியறியோம். ஆயினும் 2022 செப்டம்பர் இறுதியில், இங்கே பூஜைப் பந்தல்கள் எழுந்துகொண்டிருந்த வேளையில், பாஸ் எழுதி வாங்கி ஹவுராவில் வண்டியேறினோம். குஜராத்தில் 36-ஆவது தேசிய விளையாட்டு விழா. அதில் வாள்வீச்சுப் போட்டி காந்திநகர் மகாத்மா மந்திரில்.

உண்மையைச் சொன்னால், முதல் அரை மணி நேரம் ஒன்றுமே விளங்கவில்லை. பதினான்கு மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய களம். கம்பிவலை முகமூடி அணிந்த இருவர் பாய்கின்றனர். கண்ணிமைப்பதற்குள் சிவப்பு, பச்சை விளக்குகள் இரண்டுமே எரிகின்றன. இருவருமே வென்றதாக முழங்குகின்றனர்! சிலம்பம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரும் புதிர்.

அருகிலிருந்த மணிப்பூர் இளைஞர் ஒருவர் நம் விழிப்பைக் கண்டு இரங்கினார். “வாளைப் பாராதீர்கள், கால்களைப் பாருங்கள், பின்பு நடுவரின் கையைப் பாருங்கள்” என்றார். ஸேபர் என்னும் வாளில் இடுப்புக்கு மேற்பட்ட உடல் முழுதும் இலக்கு. முனையும் படலாம், விளிம்பும் படலாம். இரண்டு விளக்கும் எரிந்தால், தாக்குதலை முதலில் தொடுத்தவருக்கே புள்ளி. எதிரி அதைத் தட்டி விலக்கிவிட்டால் உரிமை அவருக்கு மாறும். அதன்பின் பார்த்தோம், என்ன அழகு! பின்வாங்குவது போல் நடந்து, எதிரியை ஏமாற்றி இழுத்து, சட்டெனத் திரும்பித் தைப்பது! அது கைவேலையன்று, மதிவேலை.

மகளிர் ஸேபரில் பொற்பதக்கம் தமிழ்நாட்டுப் பவானி தேவிக்கு. வண்ணாரப்பேட்டைப் பெண். 2004-இல் பள்ளியில் சேர்ந்து, விலைமிக்க வாளுக்கு மாற்றாக மூங்கில் கழியில் பயின்றவர். செலவுக்காகத் தாயார் நகைகளை அடகு வைத்ததை அவரே கூறியிருக்கிறார். 2007-இல் துருக்கியில் நடந்த முதல் வெளிநாட்டுப் போட்டியில் மூன்று நிமிடம் தாமதித்ததற்காக விலக்கப்பட்டார். மூன்று நிமிடம்! நம் இலாகாவில் அதைத் தாமதமென்று எவரும் பொருட்படுத்துவதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு இந்தியாவிலிருந்து வாளேந்திச் சென்ற முதல்வர் அவரே. 2021 ஜூலையில் துனிசியப் பெண்ணை 15-3 என வென்று, அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். 2023-இல் ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டியில் வெண்கலம்.

இதை லேக் மார்க்கெட்டில் ஓர் அன்பரிடம் விரித்துரைத்தபோது, “பெண்பிள்ளைக்கு வாளா? முகத்தில் வடுப்பட்டால் வரன் வருமா?” என்றார். வாளுக்குக் கூரில்லை ஐயா, முகத்துக்கு வலையுண்டு என்றோம். அவர் கத்தரிக்காய் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

நம் சங்கத்தில் பெண்குழந்தைகளுக்குப் பாட்டும் பரதமும் உண்டு, அவை வளர்க. ஞாயிறு காலையோ கூடம் பூட்டியே கிடக்கிறது. சென்ற வாரம் அளந்தோம்: வாயிலிலிருந்து மேடைப்படி வரை பன்னிரண்டு மீட்டர். நாற்காலிகளை ஒதுக்கிக் குறுக்காக அளந்தால் பதினான்கு கிடைக்கிறது. அடுத்த செயற்குழுவில் சாவியைக் கேட்கவிருக்கிறோம்.