பறையும் என் தந்தையாரும்



பறையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். அச்சொல் காதில் விழுந்தாலே தலை கவிழ்ந்த காலம் எனக்கும் உண்டு.

பழந்தமிழில் பறை என்பது தோற்கருவிகளுக்கெல்லாம் பொதுப்பெயராக வழங்கிற்று. தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு முதலியவற்றோடு பறையையும் வைத்தார். முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனத் திணைதோறும் உரையாசிரியர்கள் குறித்தனர். மாங்குடி கிழார் புறநானூற்றில் சிறப்பித்த நான்கு குடிகளுள் பறையனும் ஒருவன். திருப்பாவைப் பெண்கள் கண்ணனிடம் வேண்டியதும் பறையே. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தார் இன்றும் அவ்வாறே வழங்குகின்றனர். இத்தகைய சொல்லை இழிசொல்லாக்கியவர்கள் வேறு யாரோ; வெட்கப்பட்டவர்களோ நாம்!

என் தந்தையார் பறையடிப்பவர். மரத்துண்டுகளை இணைத்து வட்டச்சட்டம் செய்வார். புளியங்கொட்டைப் பசை காய்ச்சி மாட்டுத்தோலை ஒட்டுவார். வைக்கோல் தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, நாதம் ஏறிய பின்பே தோளில் மாட்டுவார். ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி, மறு கையில் தடித்த குட்டைக் குச்சி. சாவுக்கு ஓர் அடி, சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு வேறோர் அடி. ஆனால் ஊரில் சாவு விழுந்தால் கூலி பேசாமல் போயாக வேண்டும், மறுத்தால் வசவு.

நான் பி.ஏ. படிக்கையில் ஒருநாள் அப்பறையைப் பிடுங்கிப் பரணில் எறிந்தேன். கட்டாய ஊழியத்தை நிறுத்தியது சரியே. அதற்கு இன்றும் நான் வருந்தவில்லை. ஊழியத்தோடு கருவியையும் இழிவென்று எண்ணியதே என் பிழை. தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. மாலைவேளைகளில் திண்ணைத் தூணில் விரல்களால் தட்டிக்கொண்டிருப்பார். அவர் அறிந்த அடிகளில் ஒன்றைக்கூட, பட்டம் பெற்ற நான் எழுதி வைக்கவில்லை. அவரோடு அவை போயின.

திண்டுக்கல் சக்திக் கலைக்குழுவில் பெண்களே பறையடித்து ஆடுகிறார்கள். 2025ஆம் ஆண்டு பறைக்கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அச்செய்தியைப் படித்த அன்றே பரணில் ஏறினேன். சட்டம் உறுதியாகவே இருக்கிறது, தோல்தான் கிழிந்துவிட்டது. புதுத்தோல் கட்டத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இவ்வவையில் எவரேனும் இருப்பின் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்குமாறு வேண்டி அமர்கிறேன்.