பழைய குக்கரும் முதிய கைகளும்



நானுஓயா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்தில் அமைந்த ஊர். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. அதனால் கொழும்பில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், இங்கே ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. அதன்மேல் எத்தனை விறகை எரித்தாலும் நீரின் சூடு ஏறாது. எங்கள் அடுப்பில் கடலையும் பருப்பும் எளிதில் வேக மறுப்பதன் காரணம் இதுவே. ஆகையால் மலைநாட்டில் குக்கரை ஆடம்பரப் பொருள் என்று எவரும் கூறார்.

1679ஆம் ஆண்டில் டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர் இலண்டனில் இத்தகைய பாத்திரம் ஒன்றை அமைத்துக் காட்டினார். நீராவியை உள்ளே அடைத்தால் நீரின் கொதிநிலை உயரும் என்பது அதன் தத்துவம். இன்றைய குக்கரினுள் எங்கள் ஊரிலும் சூடு ஏறத்தாழ 118 பாகையை எட்டுகின்றது. ஆனால் அந்த ஆவியின் வலிமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மூடியின் விட்டம் 20 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோ வீதம், 300 கிலோவுக்கு மேற்பட்ட விசை அதனை மேல்நோக்கித் தள்ளுகின்றது. இஃது ஆறு கோதுமை மா மூட்டைகளின் பாரமாகும்!

முதியவர் வீடுகளில் உள்ள குக்கர், பெரும்பாலும் பிள்ளைகள் சிறுவராயிருந்தபோது வாங்கியது. அதன் இறப்பர் வளையம் விறைத்திருக்கும். கைபிடி விறகடுப்பிற் கருகி ஆடும். மூடியின் விளிம்பு நெளிந்திருக்கும். “புதிது வாங்கலாமே, அம்மா” என்றால், “என் காலத்துக்கு இது போதும், ஐயா” என்பார்கள். பல்லாண்டுகள் கொழுந்து பறித்துச் சேர்த்த சேமலாப நிதி, பேரப்பிள்ளைகளின் படிப்புக்கே போய்விடுகின்றது. அவ்வன்பு போற்றத்தக்கது. எனினும் அந்தக் கணக்கில் ஒரு பிழை உண்டு. பழுதுற்ற கருவியைச் சமாளிக்க இளமையின் வலு வேண்டும். கைப்பிடி தளர்ந்து, பார்வை மங்கி, விசில் ஒலியும் காதில் விழாத பருவத்திலன்றோ குறையற்ற கருவி மிகவும் தேவை?

முதலில் இறப்பர் வளையத்தை மாற்றிப் பாருங்கள். அதன் பின்னரும் ஓரத்தால் ஆவி கசிந்தால், அல்லது அடிப்பாகம் புடைத்திருந்தால், அந்தக் குக்கரை மூடிச் சமைத்தல் ஆகாது. மூடியின்றிச் சாதாரணச் சட்டியாக அது இன்னும் பயன்படும். புதிது வாங்கும்போது பெருங்குடும்பத்து அளவை மறந்துவிடுங்கள். இருவருக்கு மூன்று லீற்றர் போதும். நீர் நிரம்பிய பாரத்தை உங்கள் கை தாங்க வேண்டும் அல்லவா? மூடியைக் கடையிலேயே நீங்களே திறந்து மூடிப் பாருங்கள். உட்புறமாகப் பொருந்தும் மூடி, உள்ளே அழுத்தம் தணியும்வரை திறவாது. மறதி மிகுந்தோர்க்கு அது நல்ல காவல். அதே அளவுக்கு ஏற்ற இறப்பர் வளையம் உள்ளூர்க் கடையிற் கிடைக்குமா என்பதையும் கேட்டறியுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். பண்டிகைக்குச் சேலை எடுத்துச் செல்லும்போது, அம்மாவின் அடுப்படியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அவர் கேட்கமாட்டார், நீங்களே பார்த்து வாங்கிக் கொடுக்க வேண்டும். எஞ்சிய காலம் சிறிதோ பெரிதோ, அதனை அச்சமின்றிச் சமைத்து உண்டு வாழ்தல் முதியோர்க்கு உரிய உரிமை.