யார் ராஜ்ஜியம் இது?



"இப்பத்தான் பொம்பளைங்க ராஜ்ஜியமாச்சே, இன்னும் என்ன சமத்துவம் வேண்டிக்கிடக்கு?" டீக்கடைக்கு டீக்கடை கேட்கும் கேள்வி இது. கேட்பவர் கையில் ஆதாரமும் இருக்கிறது. 24 வார்டு கொண்ட போர்ட் பிளேர் நகராட்சி மன்றத்தின் தலைவராக 2023 மார்ச்சில் எஸ்.செல்வி தேர்ந்தெடுக்கப்பட்டார். 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் தீவுப் பெண்களில் நூற்றுக்கு 82 பேர் எழுத்தறிந்தவர்கள். மறுப்பார் யார்?

ஆனால் கோடையில் தனிக்காரி அணையில் நீர் இறங்கி, முறைவைத்துத் தண்ணீர் விடும் நாளில் குழாயடிக்கு வந்து பாருங்கள். டிரம், பக்கெட், குடம். ஆபீசுக்குப் புடவை கட்டி முடித்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறார். கணவருக்கும் அதே நேரத்துக்குத்தான் ஆபீஸ். ஆனால் உள்ளேயிருந்து குரல் மட்டும் வரும்: "தண்ணி வந்துருச்சா?"

வயிற்றெரிச்சலில் சொல்லும் பேச்சல்ல இது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: சம்பளமில்லாத வீட்டுவேலைக்குப் பெண் நாளொன்றுக்குக் கொடுப்பது 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். அந்த 97-ம் வேலையில் கைவைத்த ஆண்களின் சராசரிதான். கைவைத்தவர்களே நூற்றுக்கு 26 பேர்! இதே ஆண் கல்யாண மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சமைப்பார். அங்கே கூலி உண்டு.

இந்த மண்ணின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1858-ல் கைதிகளின் குடியேற்றமாகத் தொடங்கிய ஊர் இது. பின்னால் பெண் கைதிகளும் வந்தார்கள். சொந்தமாகப் பிழைக்க அனுமதி பெற்ற ஆண் கைதியை மணந்தால் பெண்கள் சிறையைவிட்டு வெளியே வரலாம். சாதியும் மதமும் கலந்த அந்தக் குடும்பங்களின் வாரிசுகள்தான் இன்றைய 'லோக்கல் பார்ன்' மக்கள். கடல் கடந்ததும் சாதி இளகியது, சரி. அடுப்பங்கரை இளகியதா? சிறைவாசல் தாண்டியவள் நேரே போய் நின்ற இடம் அதுதானே!

சட்டமும் நம் பெண்களிடம் தாமதமாகவே வந்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது 1989-ல். மாநிலச் சட்டம் கடல் தாண்டுமா? மத்தியச் சட்டம் திருத்தப்பட்ட 2005 செப்டம்பர் வரை இந்தத் தீவின் மகள் காத்திருந்தாள். அப்போது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதையும் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொல்லிவிட்டது.

சட்டம் வந்தாயிற்று, பங்கு வந்ததா? "அண்ணன் தம்பியைப் பகைச்சுக்காதே, நாளைக்குச் சீர் செய்ய ஆள் வேணும்" என்று பெற்ற தாயே காதில் ஓதுகிறாள். பத்திர ஆபீசில், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் தயாராகிறது. கைம்மாறாக ஒரு பட்டுப்புடவை!

ஆண்மக்களே, தங்கையின் கையெழுத்துக்கு அலையும் நேரத்தில் பாதியை உங்கள் வீட்டுச் சமையலறைக்குக் கொடுங்கள். அக்கா தங்கைகளே, அந்தப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படித்த பிறகும் போடாதீர்கள்!