கற்பனை உலகம் யாருடையது?

புதிய நாவல் ஒன்று வந்தால் வாசகர் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லி நகர்ந்துவிடுவார். டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு ஒரு புதிய உலக நூல் வந்தால் அப்படி நடப்பதில்லை. ரசிகர்கள் முதலில் வரைபடத்தைப் பிரித்து, தாங்கள் பல ஆண்டுகளாக ஆடிவந்த ஊர் அதில் இன்னும் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் கொண்டாட்டம், இல்லாவிட்டால் கலவரம்.

இந்த விளையாட்டைக் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் டங்ஜன் மாஸ்டர். கதையை அவர் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பேசுவார்கள், சண்டையிடுவார்கள், தப்பி ஓடுவார்கள். முயற்சி பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். ஆட்ட விதிகள் ஒரு நூலில் இருக்கும். கதை நடக்கும் உலகத்துக்கு, அதன் நாடுகள், தெய்வங்கள், பழைய பகைகள் எல்லாவற்றுக்கும் தனி நூல்கள் உண்டு. அந்த உலக நூலை எழுதுவது புள்ளிக் கோலத்தில் பாதி வேலை: ஆசிரியர் புள்ளி வைக்கிறார், கோடு இழுப்பது ஒவ்வொரு வீட்டு மேசையிலும் நடக்கிறது. ஆகவே நூல் எப்படி என்று எடைபோட, ஆடியவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இந்த உலகங்களில் மிகவும் பேர்பெற்றது ஃபர்காட்டன் ரெல்ம்ஸ். கனடாக்காரரான எட் கிரீன்வுட் சிறுவயதிலேயே கற்பனை செய்த உலகம் அது. 1987இல் அது ஒரு பெட்டித் தொகுப்பாக விற்பனைக்கு வந்தது. ஆர். ஏ. சால்வடோர் முதலானோர் அதில் நாவல் நாவலாக எழுதிக் குவித்தார்கள். 2001இல் வந்த 320 பக்க உலக நூலை இன்றும் பலர் அளவுகோலாக வைத்துப் பேசுகிறார்கள். அதில் கதை தொடங்குவது அவ்வுலகக் கணக்கில் 1372ஆம் ஆண்டு.

2008இல் விளையாட்டின் நான்காம் பதிப்பு வந்தபோதுதான் இடி விழுந்தது. புதிய நூல், கதையை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்னால் தள்ளியது. மந்திரத்தின் தேவி மிஸ்ட்ரா கொல்லப்பட்டாள். அதனால் மூண்ட மந்திரக் கொள்ளைநோயில் மந்திரவாதிகளின் நாடான ஹல்ருவா அழிந்தது. வேறோர் உலகத்தின் நிலப்பரப்பு வந்து வரைபடத்தில் உட்கார்ந்துகொண்டது. மனிதப் பாத்திரங்களில் பெரும்பாலோர் வயதாகி இறந்து போயிருந்தார்கள்.

பதிப்பாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துக்கும் இதற்குக் காரணங்கள் இருந்தன. ஆட்ட விதிகளில் மந்திரம் இயங்கும் முறையே மாறிவிட்டது. அதற்கு உலகக் கதையில் ஒரு காரணம் வேண்டியிருந்தது. இருபதாண்டு நாவல்களும் துணைநூல்களும் மலைபோல் குவிந்து கிடந்ததால், புதிதாக வருபவர் மிரண்டு போனார். எதைச் சொன்னாலும் அது இந்த நாவலில் வேறு மாதிரி வந்திருக்கிறதே என்று மடக்கும் ஆட்டக்காரருக்கு எதிரே உட்கார எந்த டங்ஜன் மாஸ்டருக்குத்தான் தைரியம் வரும்? எல்லாவற்றையும் துடைத்துவிட்டால் சிக்கல் தீரும் என்று நினைத்தார்கள். துடைக்கப்பட்டதில் ரசிகர்கள் இழுத்த கோடுகளும் சேர்ந்திருந்தன. பலர் புதிய நூலை ஒதுக்கிவிட்டு, பழைய 1372ஆம் ஆண்டிலேயே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். கடைசியில் நிறுவனமே இறங்கிவந்தது. 2013-14இல் ‘தி சண்டரிங்’ என்ற ஆறு நாவல் வரிசையின் வழியே சேதத்தில் பெரும்பகுதி சரிசெய்யப்பட்டது. மிஸ்ட்ராவும் திரும்பி வந்தாள்.

அதற்கடுத்த நூல், 2015இல் வந்த சோர்டு கோஸ்ட் அட்வென்ச்சரர்ஸ் கைடு, யாரையும் காயப்படுத்தவில்லை. ஆனால் பெரிய கண்டம் ஒன்றின் மேற்குக் கரையை மட்டும் விவரித்துவிட்டு மற்றதைப் போகிறபோக்கில் தொட்டது. இந்த முறை குறை, போதவில்லை என்பது.

போதாமையின் உச்சம் என்று 2022 ஆகஸ்டில் வந்த ஸ்பெல்ஜாமரைச் சொல்லலாம். மந்திரத்தால் விண்வெளியில் பாய்மரக் கப்பல் ஓட்டும் உலகம் அது. 1989இல் ஜெஃப் கிரப் உருவாக்கியபோதே தனி ரசிகர் கூட்டத்தைச் சேர்த்திருந்தது. புதிய பதிப்பு, ஒவ்வொன்றும் 64 பக்கமாக மூன்று நூல்கள் கொண்ட அழகான தொகுப்பு. கப்பல்களின் படங்களை எல்லோரும் வியந்தார்கள். ஆனால் கப்பலும் கப்பலும் மோதினால் எப்படி ஆடுவது என்பதற்குச் சொற்ப விதிகளே இருந்தன. போய்ப் பார்க்க வேண்டிய கோள்களைப் பற்றியும் விவரம் குறைவு.

பக்கம் குறைந்ததால் மட்டும் வந்த வினை என்று இதைச் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல் ஒரே நூலில் பதின்மூன்று சாகசக் கதைகளையும் அவற்றுக்கான நிலங்களையும் அடக்கியது. கொல்கத்தாவிலிருந்து எழுத வந்த மிமி மண்டல், வங்கத்தின் சாயலில் சங்கபூமி என்ற நாட்டை அதில் படைத்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் சில பக்கங்கள்தான். ஆனாலும் ஊர்கள், மக்களின் பெயர்கள், வழங்கும் கதைகள், அங்கே பிறந்த ஒரு பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்பதெல்லாம் அந்தச் சில பக்கங்களில் இருந்தன. இன்னும் வேண்டும் என்று கேட்ட ரசிகர்கள் உண்டு. அந்தக் குரலில் ஏமாற்றத்தைவிடப் பசிதான் அதிகம் தெரிந்தது.

ஸ்பெல்ஜாமருக்கு வேறொரு பிரச்சினையும் வந்தது. ஹடோசீ என்ற குரங்குருவ இனத்துக்குப் புதிதாக எழுதப்பட்ட பூர்வகதையில், ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்துவந்து, மருந்து கொடுத்து அறிவூட்டி, விற்கத் திட்டமிடுகிறான். கறுப்பினத்தவரைப் பற்றிய பழைய இழிவுகளையும் அடிமை வணிகத்தையும் இது அப்படியே நினைவூட்டுகிறது என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஒரு படமும் கண்டனத்துக்கு உள்ளானது. நூல் வெளிவந்து மூன்று வாரம் முடிவதற்குள், செப்டம்பர் 2 அன்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, மின்பதிப்பிலிருந்து அந்தப் பகுதியை நீக்கியது. இனி வரும் நூல்களை வெளியாட்களைக் கொண்டு முன்கூட்டியே பரிசீலிப்பதாகவும் நவம்பரில் அறிவித்தது.

இந்தச் சிக்கல்களுக்கு நடுவே கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்த உலகம் எபரான். 2002இல் நிறுவனம் நடத்திய போட்டிக்குப் பதினோராயிரம் அளவில் ஒருபக்கத் திட்டங்கள் வந்தன. தேர்வானது கீத் பேக்கருடையது. 2004இல் வெளியான நூலில், ஒரு நூற்றாண்டுப் போர் ஓய்ந்து இரண்டே ஆண்டு ஆகிறது. சையர் என்ற நாடு ஒரே நாளில் நாசமாகிச் சாம்பல்நிற மூடுபனிக்குள் கிடக்கிறது. அதை அழித்தது யார்? நூல் சொல்லவில்லை, வேண்டுமென்றே சொல்லவில்லை. விடையை அந்தந்த டங்ஜன் மாஸ்டர் முடிவு செய்துகொள்ளலாம். கதை தொடங்கும் ஆண்டு அவ்வுலகக் கணக்கில் 998. ஐந்தாம் பதிப்புக்காக 2019இல் புதிய நூல் வந்தபோதும் அதே 998தான். நாவல்கள் நடப்பை மாற்றுவதில்லை. யாருடைய ஊரும் காணாமல் போகவில்லை. 2008இல் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் பட்ட பாட்டை எபரான் ஒருபோதும் படாததற்கு இந்த ஏற்பாடே முக்கியக் காரணம்.

2016 ஜனவரியில் தொடங்கிய டிஎம்ஸ் கில்டு என்ற விற்பனைத் தளம் ரசிகர்களின் கைக்கு வேறொரு கருவியையும் தந்தது. நிறுவனத்துக்குச் சொந்தமான உலகங்களில் நடக்கும் கதைகளையும் விதிகளையும் ரசிகர்களே எழுதி அங்கே விற்கலாம். விலையில் பாதி எழுதியவருக்கு. ஸ்பெல்ஜாமர் தொகுப்பில் தேடிக் கிடைக்காத கப்பல் சண்டை விதிகளையும் ரசிகர்கள் தாங்களே எழுதி அங்கே கடை விரித்துவிட்டார்கள்.