தகட்டுக்கு மட்டும்தான் நினைவிருக்கிறதா?

குளிர்கோட்டைக் கழற்றாமலே எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசை அன்பர்களே!

2017 அக்டோபர் 4. நம்முடைய மொன்றியல் மலை, கமிலியன்-ஊட் வீதி. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் சைக்கிளில் மலையிறங்கி வருகிறான். பந்தயங்களில் ஓடிய பிள்ளை. முன்னால் போன வாகனத்தின் சாரதி கலிபோர்னியாவிலிருந்து வந்த உல்லாசப் பயணி. திரும்பக் கூடாத இடத்தில், அவர் வீதிக்குக் குறுக்கே வண்டியை வளைத்துத் திருப்பினார். பையன் மோதினான், செத்தான். அடுத்த ஆண்டு அரச வழக்குத் தொடுநர் அலுவலகத்தின் முடிவு வந்தது: குற்றவியல் வழக்கு இல்லை.

அந்த மலை நமக்கு அந்நியமா? கோடையில் பீவர் குளத்தடியில் பாய் விரித்துப் புளிச்சாதம் பிரிக்காத தமிழ்க் குடும்பம் இந்த மண்டபத்தில் எத்தனை? அதே வீதி கோட்-தெ-நேஜ் பக்கம் இறங்கும்போது அதற்கு ரிமெம்பரன்ஸ் வீதி என்று பெயர். நினைவு வீதி! இந்த ஊரில் பெயர்ப்பலகைக்கு ஞாபகசக்தி அதிகம்.

பெயர்ப்பலகைக்கு மட்டுமா? வெளியே நிற்கிற உங்கள் கார்களின் இலக்கத் தகட்டைப் பாருங்கள். ‘ஜெ மெ சூவியன்’. எனக்கு நினைவிருக்கிறது. 1978 வரை அங்கே ‘அழகிய மாகாணம்’ என்று இருந்தது. அதை மாற்றியவர் அமைச்சர் லீஸ் பயேற். அதே அமைச்சர், அதே 1978இல், மார்ச் 1 முதல் இன்னொன்றையும் கொண்டுவந்தார். தவறு யாருடையது என்று பாராமல் எல்லோருக்கும் நட்டஈடு கொடுக்கும் வாகனக் காப்புறுதி. இன்று அதை நடத்துவது எஸ்.ஏ.ஏ.கியூ என்னும் கியூபெக் வாகனக் காப்புறுதி நிறுவனம். ஒரே கையெழுத்தில் காருக்கு நினைவு வந்தது, சட்டத்துக்கு மறதி வந்தது.

அவசரப்பட்டுக் கைதட்ட வேண்டாம். அந்தத் திட்டம் நல்ல திட்டம். அதற்கு முன்பு காலொடிந்தவன் வக்கீல் வாசலில் ஆண்டுக்கணக்காக நின்றான், பலருக்குச் சல்லிக்காசும் கிடைக்கவில்லை. திட்டத்தை மிக உரக்க எதிர்த்தவர்கள் வக்கீல்கள் என்பதே அதற்கு நற்சான்று! பார்க்-எக்ஸ்டென்ஷனில் சைக்கிளில் வேலைக்குப் போகிற ஓர் அண்ணை, நிறுத்தியிருந்த காரின் கதவு திடீரென்று திறந்ததில் விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். முதல் வாரம் போக, கைக்கு வருகிற சம்பளத்தில் 90 விழுக்காடு அவருக்கு வந்தது. ஆனால் அவர் சொன்ன வார்த்தை வேறு. “காசு வந்தது தம்பி. ஆனா ஒருத்தரும் வந்து ‘மன்னிச்சுக்கொள்ளுங்கோ’ எண்டு சொல்லேல்லை.”

நட்டஈட்டுக்கு விலையாக அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எதை? உடலில் பட்ட காயத்துக்காகச் சாரதிமேல் உரிமை வழக்குப் போட கியூபெக்கில் இடமில்லை. தமிழ் மேடை என்றால் மனுநீதிச் சோழன் வராமல் முடியாது, வந்துவிட்டான். தேர்க்காலில் கன்று செத்ததும் பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மகனைத் தேர்க்காலில் போடச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. கேட்பது மணியை. திருவாரூர்ப் பசுவுக்கு இருந்த கயிறு மொன்றியல் மனிதனுக்கு இல்லை. 1978இல் அதை அறுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு காசோலையைக் கட்டித் தொங்கவிட்டார்கள்.

சரி, தண்டிப்பதற்கு அரசு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இரண்டு கோடியில். ஒரு கோடியில் தண்டப்பணச் சீட்டும் லைசன்ஸ் புள்ளிகளும். கார்க் கதவால் ஒருவனை வீழ்த்தினால் 2016 வரை தண்டம் 30 முதல் 60 டொலர்! பிறகுதான் 200 முதல் 300 ஆனது. மறு கோடியில் கனடாவின் குற்றவியல் சட்டம். ஆபத்தான ஓட்டத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனைவரை கொடுக்கலாம். ஆனால் அந்தக் கதவு இலேசில் திறக்காது. மூன்று பேர் இறந்த பீற்றி வழக்கில், 2008இல், கணநேரக் கவனக்குறைவு மட்டும் குற்றமாகாது என்று உச்சநீதிமன்றம் சொல்லிச் சாரதியை விடுவித்தது. நியாயமான சாரதியிடமிருந்து வெகுவாக விலகிய ஓட்டமாக இருக்க வேண்டுமாம். சட்டம் படித்தவர்கள் அது சரி என்பார்கள். சரியாகவே இருக்கட்டும். அப்படியானால் சீட்டுக்கும் சிறைக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

ஒன்றுமில்லை. வெறும் வீதி.

பக்கத்து வீட்டில் இருக்கிறது! ஒன்ராறியோவில், 2018 செப்டம்பர் 1 முதல், கவனமின்றி ஓட்டிக் காயமோ மரணமோ விளைவித்தால் 2,000 முதல் 50,000 டொலர் தண்டம், இரண்டு ஆண்டுவரை சிறை, ஐந்து ஆண்டுவரை லைசன்ஸ் இடைநிறுத்தம். அடிபட்டவர் பாதசாரியோ சைக்கிள்காரரோ என்றால் நீதிமன்றம் அதைக் குற்றத்தின் கனத்தைக் கூட்டும் காரணமாக எடுக்க வேண்டும். அமெரிக்காவின் ஒரிகன் 2007இலேயே இப்படியொரு சட்டம் செய்தது. கவனமின்றி மோதியவர் 100 முதல் 200 மணிநேரம் சமூகப்பணி செய்து, பாதுகாப்பு வகுப்பிலும் உட்கார வேண்டும்; இல்லையேல் பெருந்தண்டமும் ஓராண்டு லைசன்ஸ் இழப்பும். ஒன்ராறியோ செய்த அதே 2018இல் கியூபெக்கும் திருத்தம் செய்தது. செய்தது என்ன? பெரிய வாகனக்காரர் எளியோரிடம் நிதானமாக நடக்க வேண்டும் என்று ஒரு ‘நிதானக் கோட்பாட்டை’ எழுதிவைத்தார்கள். அதற்கென்று தண்டனை எதுவும் இல்லை. நாட்காட்டியின் அடியில் அச்சிடுகிற பொன்மொழிக்குக் கூட இதைவிட மதிப்புண்டு, தாளைக் கிழிக்கும்போதாவது படிப்போம்.

கமிலியன் ஊட் யார் தெரியுமா? இந்த நகரத்தின் பழைய மேயர். மலைமேல் கார் வீதி போடுவதை எதிர்த்தவர். போட்டார்கள், போட்ட வீதிக்கு அவர் பெயரையே வைத்தார்கள்! அந்தப் பையன் இறந்த மறு கோடையில், மலையைக் குறுக்குவழியாக்கிக் கடக்கும் கார்களை நகரசபை பரீட்சார்த்தமாகத் தடுத்தது. உடனே பல்லாயிரம் பேர் கையொப்பமிட்டார்கள். பையனுக்காக என்று நினைத்தீர்களா? குறுக்குவழிக்காக.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று: “சைக்கிள்காரன் சிவப்பு விளக்கில் நிற்பதில்லை, ஆகவே அவனை இடிக்கலாம்.” இன்னொன்று, குளிர்காலத்தில் நடப்பவன் கறுப்புக் கோட்டுப் போடுகிறானாம், கண்ணுக்குத் தெரிவதில்லையாம். செம்மஞ்சள் கூம்பு தெரிகிறதே ஐயா! இந்த ஊர்ச் சாரதி கூம்பைக் கண்டால் பிரேக் போடுகிறார், குழியைக் கண்டால் வளைந்து போகிறார். பனி அள்ளும் இரவில் நிறுத்தியிருக்கும் காரை இழுக்க வருமுன் சைரன் ஊதி எச்சரிக்கிறார்கள். காருக்குச் சைரன்! நடப்பவனுக்கு?

இங்கே பேசுகிறவனும் கார் ஓட்டுகிறவன்தான். கைபேசி மினுங்கினால் கண் ஓடுகிறவன்தான். அதனால்தான் இந்த நடுச்சட்டம் வேண்டும் என்கிறான். அவனைப் போன்ற சாதாரணப் பிழைகாரனுக்கு ஆயுள் தண்டனை தர எந்த நீதவானும் துணியமாட்டார், துணியவும் வேண்டாம். ஆனால் 200 மணிநேரம் மருத்துவமனையில் சக்கர நாற்காலி தள்ளச் சொல்லலாம். அடிபட்டவர் முன்னால் நின்று நடந்ததைச் சொல்லச் சொல்லலாம்.

2022 டிசம்பர் 13, காலை நேரம். ஏழு வயதுச் சிறுமி, உக்ரைன் யுத்தத்துக்குத் தப்பி இந்த நகருக்கு வந்து சிறிது காலம்தான், பள்ளிக்கு நடந்து போகிறாள். சென்டர்-சூட் பகுதியில் கார் மோதியது. சாரதி நிற்கவில்லை. பிறகு பொலிஸிடம் சரணடைந்தார். எந்தக் குற்றச்சாட்டு? மரணம் விளைந்த விபத்திடத்தில் நிற்காமல் போனது. இடித்ததற்கல்ல சபையோரே, ஓடியதற்கு! யுத்தத்துக்குத் தப்பி ஓடி வந்தவர்கள் நிறைந்த இந்த மண்டபத்தில் அந்தத் தாயைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை. குண்டுக்குத் தப்பிய பிள்ளையைப் பள்ளிக்கூடத் தெருவில் காவுகொடுக்கவா இங்கே வந்தார்கள்? தகட்டில் என்ன எழுதியிருக்கிறது, மறுபடி சொல்லுங்கள்! எனக்கு நினைவிருக்கிறது! யாருக்கு? எதை?

வாசலில் மனுத்தாள் இருக்கிறது. தேசிய சட்டமன்றத்துக்குப் போகிறது. கேட்பது ஒன்றுதான்: ஒன்ராறியோ வைத்த அந்த நடுக்கதவைக் கியூபெக்கும் வைக்கட்டும். கையொப்பமிடும்போது முகவரியும் எழுதுங்கள், வெறும் இனிஷலோடு போய்விடாதீர்கள்.

கூட்டத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதற்குள் வாசலில் நிற்கிற பிள்ளைகள் ஒரு துண்டுச்சீட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூலைச் சந்தியில், பாதசாரிக் கடவையை மறித்து, சாம்பல் நிற வான் ஒன்று நிற்கிறதாம். சந்தியிலிருந்து ஐந்து மீற்றருக்குள் நிறுத்தக் கூடாது என்பது சட்டம். வண்டியின் சொந்தக்காரர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாராம், முதல் ஆளாகக் கைதட்டியவரும் அவர்தானாம். அண்ணை, முதலில் வானை எடுங்கோ.