நிறம் காக்கும் உயிரும் நாம் காக்கும் உயிரும்
(விழாச் சொற்பொழிவு)

 

உயிர்களை அவற்றின் பொறிகளைக் கொண்டு வகுத்தறிவது ஜைன நெறியின் சிறப்பு. தத்துவார்த்த சூத்திரம் வண்டினத்தை நாலறிவுயிராக வைக்கிறது. தொல்காப்பிய மரபியலும் தும்பியை அவ்வகையிலேயே சேர்க்கிறது. அந்நாலறிவுயிர்களுள் ஒன்றான வலைச்சிறகு வண்டே இன்றைய பொருள்.

உலகில் 4,000க்கும் மேற்பட்ட இனங்கள் இவ்வண்டுக் குடும்பத்தில் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் லைக்கோஸ்டோமஸ் என்னும் பேரினம் இந்தியாவிலும் வாழ்கிறது. செம்மையும் கருமையும் கலந்த மேற்சிறகுகள். அவற்றின்மேல் வலை பின்னியதுபோல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் வரம்புகள். பிற வண்டுகளுக்குள்ள கடினமான ஓடு இதற்கு இல்லை, சிறகு மென்மையானது. கொட்டும் கொடுக்கும் இல்லை. ஆயினும் இது ஒளிந்து வாழ்வதில்லை. பகலில் மலர்மேலும் இலைமேலும் மெல்ல ஊர்கிறது.

இத்துணிவுக்குக் காரணம் அதன் உடலில் உள்ள கசப்பும் நாற்றமும் உடைய பொருள்களே. ஒருமுறை வாயிலிட்டு உமிழ்ந்த பறவை, பின்னர் அந்நிறத்தைக் கண்டதும் விலகுகிறது. உண்ணத்தகாத உயிர் தன் நிறத்தாலேயே அதனை முன்னறிவிக்கிறது என்னும் கருத்தை, 1867இல் டார்வின் எழுப்பிய வினாவுக்கு விடையாக ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் கூறினார். பகையைக் கொல்லாமலே தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இது. இதன் பயனை நோக்கியே, கசப்பில்லாத வேறு சில பூச்சிகளும் இந்நிறத்தைப் பெற்றுள்ளன எனலாம்.

ஆனால் சிறகின்மேல் உள்ள அவ்வண்ணம் வளர்ந்த வண்டுக்கே உரியது. அதன் வாழ்நாளின் பெரும்பகுதி புழுப்பருவத்தில் கழிகிறது. அப்புழு மரப்பட்டையின் அடியிலும் மட்கிய மரத்தினுள்ளும், பூஞ்சை படர்ந்த ஈரத்தில் வாழ்கிறது. பறவையை விலக்கும் நிறம் நெருப்பை விலக்காது. பட்டுப்போன மரத்தைப் பயனற்றதென்று கொளுத்துவோர் கண்ணுக்கு, உள்ளிருக்கும் உயிர் புலப்படுவதும் இல்லை.

நீரை வடிகட்டிப் பருகுவது நம் மரபு. காணும் உயிருக்கு இரங்குவது எளிது. காணாத உயிரையும் எண்ணி நடப்பதே அம்மரபின் உட்பொருள். நீருக்குக் காட்டும் அக்கருத்தை மரத்துக்கும் காட்டுதல் வேண்டும். அனுப்பம்பட்டு போன்ற ஊர்களில் தோட்டத்து மூலையில் மட்கிய கட்டை கிடந்தால், அதில் இவ்வண்டு இல்லாவிடினும் எறும்பும் மரவட்டையும் வேறு பல சிற்றுயிர்களும் குடியிருக்கும். அதனை எரிக்காமல் அங்கேயே மண்ணாக விடுவது செலவில்லாத அறம். அடுப்புக்கு எடுக்கும் விறகையும் தட்டி, உதறி, பார்த்து இடுதல் நன்று.

நிறம் காக்காத பருவத்தில் அவ்வுயிரைக் காப்பது நம் கவனம் ஒன்றே. அக்கவனமே கொல்லாமை நோன்பின் முதற்படி.

ஜெய் ஜினேந்திர!